ஜனவரிப் பட்டியல்

10.4.2022

அன்புள்ள பானுவுக்கு மாமன் எழுதுவது. நான் சுகம். முட்டி வலி மட்டும் என்னோடு சேர்ந்து தண்டனை அனுபவிக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, நம் மகள் வெண்பா பாப்பா எப்படி இருக்கிறாள்? உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை ஆபீஸ் ஐயாவுக்கும் வணக்கம்.

உட்கார்ந்துகொண்டு படி. நின்றால் விழுந்துவிடுவாய். நாடு சுதந்திரம் வாங்கி எழுபத்தைந்து வருஷம் ஆகிறதல்லவா, அதற்குப் பெரிய ஏற்பாடு நடக்கிறது. அதில் ஒன்றாக, தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்தவர்களை, நடத்தை சரியாக இருந்தால், ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி வீட்டுக்கு அனுப்பப்போகிறார்களாம். நேற்று காலை வரிசையில் நிற்க வைத்துச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற அர்ச்சுனன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பத்து வருஷத்தில் மூன்றில் இரண்டு என்றால் ஆறு வருஷம் எட்டு மாதம். ஆகஸ்டுக்குள் எனக்கு அது முடிந்துவிடும் பானு. வரப்புத் தகராறில் திருமாலை மண்வெட்டிக் காம்பால் அடித்த அந்த ஒரு அடிக்கு, இத்தனை வருஷம் போதும் என்று யாரோ ஒரு மகராசன் நினைத்திருக்கிறான்.

ஒரே ஒரு காரியம் உன் கையில் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் வந்து, "அவர் வந்தால் வீட்டில் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று உன்னைக் கேட்பார். சேர்த்துக்கொள்வோம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. உன் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் பரவாயில்லை.

உன் போன் ஏன் போகவே மாட்டேன் என்கிறது? மூன்று வாரமாக முயற்சி செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமன் கலியமூர்த்தி


25.4.2022

மாமாவுக்கு பானுமதியின் வணக்கம். நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். அங்கே டாக்டர் வந்தால் முட்டியைக் காட்டுங்கள். வீம்பு பிடிக்காதீர்கள்.

நீங்கள் சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். மறுநாள் வேலைக்குப் போயும் அதே நினைப்பு. கம்பெனியில் சூப்பர்வைசர் பக்கிரி அண்ணன், "என்னாம்மா, காத்து கருப்பு அடிச்சிடுச்சா?" என்று கேட்டார். வெயில் என்று சொல்லி வைத்தேன்.

எங்களுக்கும் உங்கள் எழுபத்தைந்துதான் வேலை. மாவட்ட விழாவில் தியாகிகள் குடும்பங்களுக்குக் கொடுக்க பீங்கான் தட்டு ஆர்டர் வந்திருக்கிறது. அச்சில் களிமண் கூழை ஊற்றி எடுத்து, ஓரம் சுரண்டி, நடுவில் நீலச் சாயத்தில் சக்கரம் வரைந்து, பளபளப்புப் பூசிச் சூளையில் வைக்க வேண்டும். சக்கரம் வரைவது நான். முதல் நாள் ஒரு தட்டில் இருபத்து நான்குக்குப் பதில் இருபத்தைந்து கம்பி போட்டுவிட்டேன். "ஏம்மா, அரசாங்கத்துக்கே ஒன்னு எச்சா குடுக்கிறியா?" என்று பக்கிரி அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். இப்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே வரைகிறேன்.

போன் களிமண் தொட்டியில் விழுந்துவிட்டது. புதிது வாங்கியதும் நம்பர் எழுதுகிறேன். இனிமேல் கடிதத்தை வீட்டு முகவரிக்குப் போட வேண்டாம். பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கிறது, தபால்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். கீழே கம்பெனி முகவரி எழுதியிருக்கிறேன். அதற்கே போடுங்கள்.

பாப்பாவுக்கு வேப்பூரிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் இனியவன். மெயின் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறார். பேச்சு நடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பானுமதி


6.5.2022

பானு, கல்யாணச் செய்தியைக் கடைசி வரியில் போட்டு, தட்டுக்கு ஒரு பக்கம் எழுதுகிற பொம்பளையை இந்த ஜில்லாவிலேயே நான் பார்த்ததில்லை. நான் சுகம். முட்டியும் சுகம். உன் கடிதம் வந்த பிறகு அது வலிக்கவில்லை.

கல்யாணத்தை ஆவணியில் வை. பதினைந்தாம் தேதி நான் வந்துவிடுவேன். பாப்பாவின் கையைப் பிடித்து நான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அவள் பதினேழு வயதில் கோர்ட்டு வாசலில் யூனிபார்மோடு நின்றதுதான் என் கண்ணில் இருக்கிறது. இப்போது இருபத்து நான்கு. புடவையில் எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன், முகம் வர மாட்டேன் என்கிறது.

மாப்பிள்ளை வீட்டில் என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாய்? துபாய் என்றா, மிலிட்டரி என்றா? எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே எழுதிவிடு. மிலிட்டரி என்றால் மீசையை முறுக்கிவிட்டு வருகிறேன். துபாய் என்றால் சென்ட்டுக்கு நான் எங்கே போவேன்?

பயம் ஒன்றுதான். திருமாலின் அம்மாவையும் விசாரிப்பார்களாம். வீரம்மாள் எங்களுக்கு ஆட்சேபணை என்று ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது. அந்த அம்மாவிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் நீ ஒரு தடவை போ. எனக்காக அவர் காலில் விழு. நான் தினமும் அவர் மகன் பெயரைச் சொல்லித்தான் சோற்றில் கை வைக்கிறேன் என்று சொல். அது பொய் இல்லை.

உன் மாமன்


3.6.2022

மாமாவுக்கு வணக்கம். பதில் தாமதம். மன்னிக்கவும். இரண்டு பேரும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை திட்டக்குடி பஸ்ஸில் போய், மங்களூரில் இறங்கி, நம் ஊருக்கு நடந்தே போனேன். நாலு வருஷம் ஆகிறது. யாரும் என்னிடம் பேசவில்லை. வீரம்மாள் அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். காலில் விழப்போனேன், தள்ளிக்கொண்டார்.

"என்னாடி கையெல்லாம் வெள்ளையா கெடக்குது?" என்றார்.

"பீங்கான் கம்பெனி வேலைங்க அத்தை."

"அவனுக்காக வந்தியா?"

ஆமாம் என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் உள்ள கெடந்தா எம்புள்ள எழுந்து வந்துருவானா? அவன் உள்ள இருக்கான், உள்ள இருக்கான்னு நெனச்சி நெனச்சி எனக்குத்தான் சோறு எறங்கல. வரட்டும். ஆபீசரு கேட்டா கையெழுத்து போட்டுக் குடுக்கறேன். ஆனா எந்தெருவுல மட்டும் அவன் நடக்கக் கூடாது. பாத்தன்னா என்னா செய்வன்னு எனக்கே தெரியாது."

மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். பஸ் வருகிற வரை மங்களூர் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் அடித்த அடி அவருக்கு மட்டும் இல்லை மாமா, நமக்கும் விழுந்தது. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன்.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆவணி 23, வியாழக்கிழமை. மாப்பிள்ளை நல்ல மாதிரி. அதிகம் பேச மாட்டார். சம்பந்தியம்மா பூவாயி மட்டும் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்பார்.

தட்டு வேலை மும்முரம். ஐந்நூறுக்கு மேல் ஆகிவிட்டது.

பானுமதி


15.6.2022

அன்புள்ள பானு, சுகம். உங்கள் இருவர் சுகமும் எழுது.

வீரம்மாள் சொன்னதை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்க முடியவில்லை. அந்தத் தெருவில் நான் நடக்க மாட்டேன். அந்த ஊர்ப் பக்கமே வர மாட்டேன். விருத்தாசலத்தில் உன் கம்பெனியில் களிமண் மிதிக்கிற வேலை இருந்தால் சொல்லி வை.

இங்கே என்னைத் தையல் பிரிவில் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொல்லியிருக்கிறார்களாமே, அதில் கொஞ்சம் எங்கள் தலையில். காவியும் வெள்ளையும் பச்சையுமாகத் தைத்துத் தள்ளுகிறேன். நீ அங்கே சக்கரம் வரைகிறாய், நான் இங்கே கொடி தைக்கிறேன். புருஷனும் பெண்டாட்டியும் இல்லாவிட்டால் இந்த வருஷம் சுதந்திரமே வராது போல.

சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தாயிற்று. பாண்டு வாத்தியம் பழகுகிறார்கள். அர்ச்சுனன் வீட்டுக்கு அலுவலர் போய்விட்டு வந்துவிட்டார். அவன் பெண்டாட்டி காபி போட்டுக் கொடுத்தாளாம். உன்னிடம் வந்தார்களா? வந்தால் நீயும் காபி போட்டுக் கொடு.

மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்லியிருக்கிறாய் என்று கேட்டிருந்தேன். நீ அதற்குப் பதில் எழுதவே இல்லை.

உன் மாமன்


12.7.2022

மாமாவுக்கு வணக்கம். நலம். பாப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது தேவலை.

அலுவலர் அம்மா போன வாரம் கம்பெனிக்கு வந்தார். வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பேசினோம். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

இங்கே பெரிய களேபரம். ஒரு சூளை முழுக்கத் தட்டுகள் வெடித்துப் போய்விட்டன. சரியாகக் காயாமல் அவசரத்தில் வைத்துவிட்டோம். பக்கிரி அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எல்லாவற்றையும் மறுபடி ஊற்றி, மறுபடி சுரண்டி, மறுபடி வரைகிறோம். கண்ணை மூடினால் சக்கரம்தான் வருகிறது.

ஒன்று கேட்க வேண்டும். ஆகஸ்டு மட்டும் இல்லையாமே, ஜனவரி இருபத்தாறுக்கும் ஒரு பட்டியல் உண்டாமே? அதற்கடுத்த ஆகஸ்டிலும் உண்டாமே? அந்த அம்மா சொன்னார். ஜனவரி என்றால் ஐந்து மாதம்தான். ஆறரை வருஷம் இருந்தவர்களுக்கு ஐந்து மாதம் பெரிதில்லை அல்லவா? சும்மா கேட்டேன்.

வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பானுமதி


29.7.2022

பானு,

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பதினோரு பெயர். என் பெயர் இல்லை. நாலு தடவை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தேன். அர்ச்சுனன் பெயர் இருக்கிறது. அவன் என் முன்னால் சந்தோஷப்படக்கூட முடியாமல் நிற்கிறான்.

வீட்டு விசாரணை அறிக்கை பாதகமாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். அந்தக் கிழவி கழுத்தை அறுத்துவிட்டாள் பானு. உன்னிடம் மோர் கொடுத்து அனுப்பிவிட்டு ஆபீசரிடம் வேறு பேசியிருக்கிறாள். மகனைக் கொன்றவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஆசை காட்டாமல் இருந்திருக்கலாம். நீ நேரில் போய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேள்.

சரி, அது போகட்டும். மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் பரோல் கேட்கலாம் என்கிறார்கள். மனுவோடு கல்யாணப் பத்திரிகை ஒன்று இணைக்க வேண்டும். உடனே ஒன்று தபாலில் அனுப்பு. மஞ்சள் தடவிய பத்திரிகையாக அனுப்பு. ஒன்று ஆபீசுக்கு, இன்னொன்று நான் வைத்துக்கொள்ள.

கலியமூர்த்தி


8.8.2022

அன்புள்ள பானு, நான் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வீரம்மாளிடம் போகாதே. போயிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா. அவரைப் பற்றி நான் எழுதியது கோபத்தில் எழுதியது. அவர் மேல் தப்பு இல்லை.

பத்திரிகை இன்னும் வரவில்லை. மனு கொடுக்கப் பன்னிரண்டாம் தேதிதான் கடைசி. முடிந்தால் அனுப்பு. முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று ஒரு வரி எழுது. எதுவாக இருந்தாலும் எழுது. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் மாமன்


16.8.2022

மாமாவுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று விழா முடிந்தது. தட்டுகளை மேடைக்கு எடுத்துக் கொடுக்க எங்களில் ஆறு பேரை வேனில் அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு தியாகி பெயராக மைக்கில் வாசித்தார்கள். செத்தவர்களுக்கு மகனோ பேரனோ வந்து வாங்கிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கொடி. நம் வீட்டிலும் கட்டியிருக்கிறேன். ஓரத்தில் தையல் கோணல். நீங்கள் தைத்ததாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதற்கு மேல் மறைக்க என்னால் முடியாது.

ஊரை விட்டு விருத்தாசலம் வந்தபோது மூன்று இடத்தில் வீடு கேட்டேன். "வூட்டுக்காரரு என்னா பண்றாரு?" என்றார்கள். உண்மையைச் சொன்னேன். மூன்று பேரும் வயசுப் பெண் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் கதவைச் சாத்தினார்கள். நாலாவது வீட்டில், "செத்துட்டாருங்க" என்றேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அன்றைக்கே பொட்டை எடுத்தேன். தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். வாடகை வீட்டுக்காக ஆரம்பித்தது, பிறகு கம்பெனியில், கோயிலில், எல்லா இடத்திலும் அதுவே ஆகிவிட்டது. உங்கள் போட்டோவைச் சுவரில் மாட்டி மாலை போட்டிருக்கிறேன். சம்பந்தியம்மா பெண் பார்க்க வந்தபோது அந்தப் படத்தை விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் பாப்பாவுக்குப் பூ வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் தொட்டியில் விழவில்லை. நான்தான் நம்பரை மாற்றினேன்.

அலுவலர் அம்மாவிடம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. "ஆவணியில மக கல்யாணம் இருக்குதுங்க. இப்ப வந்தாருன்னா கல்யாணம் நின்னு போயிடும். ஜனவரி பட்டியல்ல போட்டுடுங்க, நானே வந்து கூட்டிட்டு போறேன்" என்றேன். ஆஸ்பத்திரியில் தேதி மாற்றிக் கேட்பது போல இதையும் கேட்டுவிடலாம் என்று நினைத்துவிட்டேன். அந்தத் தாளில் சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. "அப்ப இப்போதைக்கு சம்மதமில்லன்னுதான் போடணும்" என்று அவர் சொன்னார். இப்போதைக்கு என்பதை அவர் எங்கேயாவது எழுதுவார் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

வீரம்மாள் அத்தை சொன்ன சொல் தவறவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இன்னொன்றும் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி விசாரிக்க நம் ஊருக்குப் போய், விவரம் தெரியாமல் அவர் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார்கள். "கலியமூர்த்தியா? அவன் செத்துட்டான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் ஓடிப்போய்க் கேட்டதற்கு, "எனக்கு அவன் செத்தவன்தான்டி, நான் என்னா பொய்யா சொன்னேன்?" என்றார். மகனைப் பறிகொடுத்தவர் உங்களுக்குச் சம்மதம் சொன்னார். உங்களோடு வாழ்ந்த நான் சொல்லவில்லை.

பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டிருக்கிறது. பாப்பா அச்சகத்திலிருந்து அதை வாங்கி வந்த அன்றைக்கு என்னோடு பேசவில்லை. இதை எப்படி நான் பரோல் மனுவோடு அனுப்புவேன்?

என்னைத் திட்டி ஒரு கடிதம் போடுங்கள்.

பானுமதி


24.8.2022

அன்புள்ள பானுவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும்.

பத்திரிகை நன்றாக இருக்கிறது. மஞ்சள் தடவ மறக்கவில்லை நீ. நான் மட்டும்தான் அதில் செத்திருக்கிறேன், மற்றதெல்லாம் மங்களகரமாக இருக்கிறது.

யார் ஆட்சேபித்தது என்று ஆபீசில் மன்றாடி, ஆகஸ்டு மூன்றாம் தேதியே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாளைக் காட்டினார்கள். கோழி கிளறிய கையெழுத்து, எனக்கா தெரியாது? ஏன் என்பதுதான் தெரியவில்லை. அதற்காகத்தான் பத்திரிகையை மறுபடியும் கேட்டேன். ராத்திரி பகலாக எதை எதையோ நினைத்தேன். உன்னைப் பற்றிக்கூடத் தப்பாக நினைத்தேன். அதற்கு நீதான் என்னை மன்னிக்க வேண்டும்.

திட்டச் சொல்கிறாய். எதைச் சொல்லித் திட்டுவது? கோபம் வராமல் இல்லை. தாலியைக் கழற்றினேன் என்கிற இடத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். அந்தக் கதவுகளை உன் முகத்தில் சாத்தினது என்னால்தானே.

சுவரில் எந்த போட்டோ மாட்டியிருக்கிறாய்? ரேஷன் கார்டுக்கு எடுத்தது என்றால் மாற்றிவிடு, அதில் திருடன் மாதிரி இருக்கிறேன். நீலச் சட்டை போட்டு எடுத்தது இருக்குமே, அதைப் போடு. முகூர்த்தத்துக்கு முன்னால் பாப்பாவை அதன் முன்னால் நிறுத்தி ஆசீர்வாதம் வாங்க வை. நான் மெஷினில் உட்கார்ந்து அந்த நேரம் அவளை நினைத்துக்கொள்வேன்.

ஜனவரிக்கு உன்னைத் தேடி ஆபீசர் யாரும் வர மாட்டார்கள். சம்பந்தி வீட்டுக்கு விஷயம் போகாது. அதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துவிட்டேன். இனிமேல் கடிதம் போடாதே. கம்பெனியில் யார் கையிலாவது கிடைத்தால் வம்பு. மீதிக் காலம் தானாகப் போய்விடும்.

பாப்பா முகம் இன்னும் வரவில்லை. பரவாயில்லை.

கலியமூர்த்தி


19.9.2022

மாமாவுக்கு பானு எழுதுவது. கடிதம் போடாதே என்றீர்கள், போடுகிறேன். எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அங்கே சிறை கேட்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாரை வார்த்தது என் தம்பி. நீலச் சட்டைப் படம்தான் வைத்தேன். பாப்பா கும்பிட்டாள்.

மறுவீடு போன மூன்றாம் நாள் பாப்பா மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயைப் பொத்தியிருப்பேன். மறுநாள் காலையிலேயே அவர் வந்து கதவைத் தட்டினார். தாலியறுந்த மாதிரி நடித்தவள் மகளைத் திருப்பிக் கொண்டுவந்து விட வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவோரம் ஒதுங்கி நின்றேன். அவர் நேரே போய்ச் சுவரிலிருந்த படத்தை இறக்கினார். மாலையைக் கழற்றினார்.

"ஏங்க அத்தை, முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா கல்யாணத்த அவரு வந்தப்புறம் வச்சிருப்பமே" என்றார்.

அவ்வளவுதான் மாமா. அந்த ஒரு வார்த்தைதான். நான்கு வருஷமாக எந்த வார்த்தைக்குப் பயந்தேனோ, அது இவ்வளவுதான். சம்பந்தியம்மா ஒரு பாட்டம் கத்தினார், பிறகு அவரும், "பாவம், மொதல்ல போயி பாருங்க" என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நான், பாப்பா, மாப்பிள்ளை மூன்று பேரும் உங்களைப் பார்க்க வந்தோம். பொட்டு வைத்துக்கொண்டு, தாலியைப் போட்டுக்கொண்டு வந்தேன். கேட்டில் பெயரைச் சொன்னதும் நோட்டைப் பார்த்துவிட்டு, "அவருக்குக் குடும்பம்னு யாரும் இல்லியேம்மா. போன மாசம் அவரே எழுதிக் குடுத்துருக்காரு. நீங்க அவருக்கு என்னா வேணும்?" என்றார் காவலர்.

சம்சாரம் என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். சரி, கேட்டுப் பார்க்கிறேன் என்று உள்ளே போனார். மூன்று பேரும் மரத்தடியில் நின்றோம். பாப்பா புடவையைச் சரிசெய்து சரிசெய்து பார்த்துக்கொண்டாள். நீங்கள் பார்க்க வேண்டும் என்று முகூர்த்தப் புடவையையே கட்டி வந்திருந்தாள்.

காவலர் திரும்பி வந்து சொன்னதை எழுதுகிறேன். "பொண்ணு வந்திருக்குதுன்னு சொன்னப்ப எழுந்து நின்னுட்டாரும்மா. மருமவனும் கூட வந்திருக்காருன்னு சொன்னேன். ஒடனே உக்காந்துட்டாரு. எனக்கு இவங்க யாரையும் தெரியாதுங்க, வேற கலியமூர்த்தியா இருக்கும், திருப்பி அனுப்பிடுங்கன்னுட்டாரு."

எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னீர்கள். எனக்குத் தெரியும். பாப்பாவுக்கும் தெரியும். ஆனால் அவள் அந்தச் சிறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை உங்களுக்கு எழுத்தில் சொல்ல முடியாது.

மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும் மாமா. மண்வெட்டி வரைக்கும் தெரியும். தெரிந்துதான் வந்தார். நீங்கள் எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதிக் கொடுங்கள். வரும் சனிக்கிழமை மறுபடியும் மூன்று பேரும் வருகிறோம். அந்தக் காவலர் வந்து இவர்களைத் தெரியுமா என்று கேட்பார். தெரியும் என்று சொல்லுங்கள்.

பானுமதி